பள்ளிவாசலிலிருந்து பாச்சாங் வரை: நடந்து படிக்கும் சரித்திர பாடம்

வெளியூரிலிருந்து உறவினரோ வியாபார நண்பரோ வந்தால் மலாக்கா நகரைச் சுற்றிக் காட்டுவது நம் அன்பர்களுடைய வழக்கம். காலையில் சிவப்புக் கட்டடத்தையும் கோட்டை வாசலையும் காட்டுகிறோம். பிறகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து கம்போங் கிலிங் பள்ளிவாசலில் ளுஹர் தொழுது, படம் பிடித்துக் கொண்டு, சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறோம். "நம் வியாபாரிகள் கட்டிய பள்ளி" என்று ஒரு வார்த்தை சொல்கிறோம். வந்தவரும் "மாஷா அல்லாஹ்" என்கிறார். அத்துடன் இவ்வூரில் நம்முடைய சரித்திரம் முடிந்து விடுகிறது.

இந்தப் பாடம் அவர்கள் நிறுத்திய இடத்தில் தொடங்குகிறது. பள்ளிவாசல் வாயிலிலிருந்து புறப்பட்டு, காஜா பெராங் வழியாகப் பாச்சாங் வரை நடந்து, அதற்கு அப்பால் இருக்கும் தோட்டப் பக்கங்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும். காரணம் இதுதான்: நம் வியாபாரிகள் ஏறி வந்த கப்பலிலேயே கூலிக்காரர்களும் வந்தார்கள். சில சமயம் இருவரும் ஒரே ஆளாகவே இருந்தார்கள். பள்ளிவாசலோடு திரும்பிவிட்டால் முதல் பேருடைய கதைதான் நம் பிள்ளைகள் காதில் விழும்.

பள்ளிவாசலும் அதன் பெயரும்

ஜாலான் துக்காங் எமாசும் ஜாலான் ஹாங் லெக்கியூவும் கூடும் மூலையில் பள்ளிவாசல் நிற்கிறது. 1748-ம் வருஷம் டச்சுக்காரர் ஆட்சியில் இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் அதை முதலில் மரத்தால் கட்டினார்கள். 1872-ல் செங்கல்லால் திருப்பிக் கட்டப்பட்டது. அடுக்கடுக்காக ஏறும் கூரை ஜாவாப் பக்கத்து முறை. மினாரா சீனர்களின் அடுக்குக் கோபுரம் போலத் தோன்றும். உள்ளே ஐரோப்பியப் பாணித் தூண்கள், விக்டோரியா ராணி காலத்துச் சரவிளக்கு, மிம்பரில் ஹிந்து, சீனக் கைவேலையின் சாயல். வெளியே ஹவுழ். மலாக்காத் துறைமுகத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதை அந்தக் கட்டடம் ஒன்றே சொல்லிவிடும்.

சில அடி தூரத்தில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர் செட்டி சமூகத்தாருக்குக் கொடுத்த நிலத்தில் 1781-ல் எழுந்தது. அதற்கப்பால் சீனர்களின் செங் ஹூன் தெங் ஆலயம். சுற்றுலாக்காரர்கள் இந்த வரிசையை நல்லிணக்கத் தெரு என்று அழைக்கிறார்கள். 2008-ம் வருஷம் ஜூலை மாதம் மலாக்காவும் பினாங்கு ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் இன்னும் பெருகியிருக்கிறது. நல்ல விஷயந்தான். ஆனால் தெருப் பெயர்களைக் கொஞ்சம் நின்று படியுங்கள். துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். அதை அடுத்துள்ள துக்காங் பெசி என்றால் கருமார். பழைய தெருக்களுக்குத் தொழிலாளியின் பெயர்தான் நிலைத்தது. அங்கே நகை வாங்கிய பணக்காரரின் பெயர் நிலைக்கவில்லை.

இனி அந்தக் 'கிலிங்' என்ற சொல். நம்மில் பலருக்கு அது கசக்கிறது. பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். மாற்ற வேண்டியதில்லை. பழைய கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் என்பது அறிஞர்கள் கொள்கை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த ஹிந்துவையும் முஸ்லிமையும் பழைய மலாய் நூல்கள் அப்படியே அழைத்தன. துறைமுகத்தில் ஒரு கௌரவமான வியாபாரக் கூட்டத்தின் பெயராகவே அது இருந்தது. ஏளனம் பின்னால் வந்து ஏறிய பொருள். தமிழன் என்றால் கப்பல் கொண்டு வருபவன் என்பது மாறி, தமிழன் என்றால் ரோடு போடுபவன், மரம் வெட்டுபவன் என்று இந்நாடு பார்க்கத் தொடங்கிய காலத்தில்தான் அந்தப் பொருள் ஏறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சொல்லின் மேல் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு கூடவே கூலிக்காரனையும் "அவன் வேறு, நாம் வேறு" என்று தள்ளி வைத்தோமானால், ஏளனம் செய்தவனுடைய கணக்கைத்தான் நாமும் ஒப்புக் கொள்கிறோம்.

பத்துப் பேர் போட்ட விலை

பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபடியே இன்னும் பின்னோக்கிப் போகலாம். பறங்கியர் 1511-ல் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் தோமே பிரேஸ் என்ற மருந்து வணிகர் இங்கே வந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் தங்கி, கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். சுல்தான் காலத்தில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள் என்கிறார். குஜராத்தியருக்கு ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசை ஆகிய இடத்தாருக்கு ஒருவர். ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர். சீனா, சம்பா பக்கத்தாருக்கு ஒருவர். ஊரில் 84 பாஷைகள் பேசப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார்.

வியாபாரிகளாகிய நமக்கு அதைவிட ருசியான ஒரு விஷயம் அவருடைய நூலில் உண்டு. மேற்கேயிருந்து வரும் கப்பல் சரக்குக்கு நூற்றுக்கு ஆறு தீர்வை. கப்பல் வந்ததும் பத்து வியாபாரிகளைக் கூட்டுவார்கள். அவர்களில் ஐந்து பேர் நம் கரையார், ஐந்து பேர் மற்ற நாட்டார். தெமங்கோங் என்னும் அதிகாரி முன்னிலையில் அந்தப் பத்துப் பேரும் சரக்கை மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பின் மேல் தீர்வை. பாதி இடம் நம்மவருக்கு! வேற்று நாட்டில் இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒரு வியாபாரச் சமூகம் எதிர்பார்க்க முடியுமா?

பெருமையோடு சிறுமையையும் சொல்ல வேண்டும். மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' ஒரு வழக்கைச் சொல்கிறது. நைனா சுர தேவனா என்பவரும் ராஜா முதலியார் என்பவரும் இவ்வூரில் பெரிய வர்த்தகர்கள். இருவரும் கிலிங் கூட்டத்தார். இருவருக்கும் வழக்கு வந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெண்டஹாரா துன் முத்தாஹிர். அவருடைய முன்னோரான மணி புரிந்தன் என்பவரும் நம் கரையிலிருந்து வந்தவர் என்கிறது அதே நூல். நைனா இரவோடு இரவாகப் பெண்டஹாரா வீட்டுக்குப் பொன் கொண்டு போனார். கித்துல் என்ற கடனாளி ஒருவன் அதை எதிர்க்கட்சிக்குச் சொல்லித் தன் கடனைத் தீர்த்துக் கொண்டான். பயந்து போன முதலியார், பெண்டஹாரா அரசையே கவிழ்க்கப் பார்க்கிறார் என்று மேலிடத்தில் மூட்டிவிட்டார். சுல்தான் மஹ்மூது 1510-ல் பெண்டஹாராவையும் குடும்பத்தாரையும் கொல்லச் செய்தார். அடுத்த வருஷம் பறங்கிக் கப்பல்கள் வந்து நின்றபோது ஊரில் அனுபவசாலியான மந்திரி இல்லை. இரண்டு கடைக்காரர் சண்டையால்தான் ராஜ்யம் போயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்நூலாசிரியர் அப்படித்தான் சொல்ல விரும்பினார் என்று தோன்றுகிறது.

முன்ஷி அப்துல்லா படித்த தமிழ்

நகருக்குள் ஜாலான் முன்ஷி அப்துல்லா என்றொரு பெரிய சாலை இருக்கிறது. அதில் கடை வைத்திருக்கும் நம்மவர் சிலருக்கே அவர் யாரென்று தெரியாது.

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796-ல் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய கொள்ளுப் பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் வந்து தங்கி அங்கேயே பெண் கொண்டார். பாட்டனார் மலாக்காவுக்கு வந்து இங்கே ஒரு லெப்பை வீட்டில் பெண் கொண்டார். ஏமன், நாகூர், மலாக்கா என்று மூன்று தலைமுறையில் மூன்று கரை. இப்படி வந்த குடும்பத்துப் பிள்ளைதான் ராபிள்ஸ் துரைக்கு எழுத்தராக வேலை பார்த்து, பின்னர் நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று பெயர் பெற்றது. 'ஹிக்காயத் அப்துல்லா' என்ற தம் வாழ்க்கை வரலாற்றை 1843-ல் எழுதி முடித்தார்; 1849-ல் அச்சாயிற்று. 1854-ல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் காலமானார்.

அந்நூலில் அவர் சொல்லும் ஒரு செய்தியை ஒவ்வொரு கடையிலும் எழுதி மாட்டலாம். குர்ஆன் ஓதி முடித்த பிறகு தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தார். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலந்தொட்ட வழக்கம் என்றும், கணக்கு வைக்கவும் பேசவும் அது வேண்டியிருந்தது என்றும், அக்காலத்தில் ஊரில் தமிழ் வர்த்தகர் கூட்டம் அதிகம் என்றும் காரணம் சொல்கிறார். அதாவது, 1800-ம் ஆண்டு வாக்கில் மலாக்காக் கடைத்தெருவின் கணக்குப் பாஷை தமிழ். இன்று நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தமிழில் கணக்கு எழுதுகிறார்கள் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதே நூலில் தொழிலாளர் சரித்திரமும் இருக்கிறது. 1807-ல் பார்க்குவார் துரை மலாக்காக் கோட்டையை இடிக்கப் புறப்பட்டார். கூலிக்கு ஆள் பிடித்துக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொடுத்தார்கள். சுவர் அசையவில்லை. கோட்டையில் ஷைத்தான் குடியிருக்கிறது என்ற பயம் வேறு. ஆட்கள் நோயில் விழுந்தார்கள். கூலியை ஏற்றியும் வர மறுத்தார்கள். முடிவில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் கோட்டை வாசல் அப்போது தப்பியது. வேலை ஆபத்தானது, இந்தக் கூலி போதாது என்று மலாக்காத் தொழிலாளர்கள் கைவிரித்ததற்கு இது ஒரு பழைய சாட்சி.

ஒரே கப்பல்

இங்கே ஒரு நிமிஷம் மலாக்காவை விட்டுப் பினாங்குக்குப் போய்வர வேண்டும். விஷயம் அங்கேதான் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பினாங்கைத் திறந்த பிரான்சிஸ் லைட், 1794-ல் கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில் சூலியாக்களைப் பற்றிச் சொல்கிறார். சூலியா என்பது அக்காலத்தில் நம் கரை முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். சுமார் ஆயிரம் பேர் குடியேறி விட்டார்கள். இவர்களைத் தவிர வருஷந்தோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரத்தாலும் பலவித உடலுழைப்பாலும் சில வெள்ளி சேர்த்துக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு பேர் வருகிறார்கள் என்பது அந்த அறிக்கையின் சாரம்.

வியாபாரமும் உடலுழைப்பும் ஒரே வாக்கியத்தில், ஒரே கூட்டத்தைப் பற்றி வருவதைக் கவனியுங்கள். சிங்கப்பூரிலும் அப்படியே. அங்கே ஆரம்ப காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே தொங்கான் தள்ளிச் சரக்கு இறக்கியவர்களில் சூலியாக்களே மிகுதி. 1822-ல் போட்ட நகரப் படத்தில் அவர்களுக்கென்று ஒரு கம்போங் ஒதுக்கியிருந்தது. ஆகவே "நம்மவர் என்றும் வியாபாரிகளே" என்று சபையில் பேசுவது கேட்க இனிமையாக இருக்கலாம். சரித்திரம் ஒத்துக் கொள்ளாது. மூட்டை சுமந்தவர் அடுத்த சபருக்குக் கூடை வியாபாரியானார். கூடை வியாபாரியின் மகன் கடை வைத்தார். சபராளி என்ற சொல்லுக்குள் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள்.

கப்பலில் வர விரும்பாமல் வந்தவர்களும் உண்டு. தீவாந்தர சிக்ஷை பெற்ற இந்தியக் கைதிகளைக் கம்பெனியார் பெங்கூலனுக்கு அனுப்பி வந்தார்கள். 1825-ல் அவ்வூர் டச்சுக்காரருக்குக் கைமாறியபோது கைதிகளைப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிடத்துக்கும் மாற்றினார்கள். 1873 வரை இந்த ஏற்பாடு இருந்தது. காடு திருத்தியது, கல் உடைத்தது, செங்கல் சுட்டது, ரோடு போட்டது எல்லாம் அவர்கள் கை. சிங்கப்பூரில் இஸ்தானா மாளிகையும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் உழைப்பே. காலில் விலங்கோடு அவர்கள் போட்ட பாதைகளில்தான் பின்னால் வியாபாரிகளின் மாட்டு வண்டி சரக்கோடு போயிற்று.

காஜா பெராங்

இனி நடப்போம். ஜாலான் தோக்கோங் பக்கமாக வெளியேறிக் காஜா பெராங் போக நிதானமாக நடந்தால் அரைமணி நேரம். அங்கே கம்போங் செட்டி இருக்கிறது. சுல்தான் காலத்தில் வந்து, இவ்வூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வர்த்தகரின் சந்ததியார் இவர்கள். சமயத்தால் ஹிந்துக்கள், வீட்டு மொழி மலாய், பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவார்கள். 1822-ல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் இவர்களுடையது. பறங்கியர் காலத்தில் செல்வாக்காயிருந்து, டச்சுக்காரர் காலத்தில் வியாபாரம் கைநழுவிப் போகவே, நகரத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து விவசாயத்தில் இறங்கினார்கள். வியாபாரச் சமூகம் ஒன்று நூறு வருஷத்தில் எப்படி உழவர் சமூகமாகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். அவர்கள் பாஷையை விட்டுவிட்டார்கள் என்று நம்மவர் சிலர் குறை சொல்வதுண்டு. மலாய்க் குடும்பங்களோடு கலந்து, நாகூர்ப் பெயரை மட்டும் வைத்துக் கொண்டிருக்கும் நம் சொந்தக்காரர்களை அந்த நேரத்தில் நினைவுக்குக் கொண்டு வருவது நல்லது.

பாச்சாங்கும் பால்மரமும்

காஜா பெராங்கைத் தாண்டி வடக்கே போனால் பாச்சாங். நார் மிகுந்து வாடை தூக்கலாக இருக்கும் ஒரு மாம்பழ வகைக்கு மலாயில் பாச்சாங் என்று பெயர். இன்று வீடமைப்புப் பகுதிகளும் கடை வீடுகளுமாக நிறைந்திருக்கிறது. படம் பிடிக்க ஒன்றுமில்லை என்று சுற்றுலாக்காரர் இங்கே வருவதில்லை. நம் நடையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுவே. ஏனெனில் நகரம் ஒருபுறமும் தோட்டப்புறம் மறுபுறமுமாக இருந்த எல்லையில் இது இருக்கிறது.

மலாயாவின் ரப்பர் வியாபாரம் மலாக்காவில் பிறந்தது. பிரேசில் நாட்டு விதை 1876-ல் லண்டனுக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகள் மறுவருஷம் சிங்கப்பூருக்கு வந்தன. இருபது வருஷம் தோட்டத்து வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி எத்தனையோ துரைமாரிடம் கெஞ்சிப் பார்த்தார். கேட்டுக் கொண்டவர் மலாக்காச் சீனரான டான் சே யான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பிறகு புக்கிட் அசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-ல் லண்டன் சந்தையில் ராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறிற்று. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று எங்கும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது.

மரம் நட்டால் போதாது. விடியுமுன் வெட்ட ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை கெட்ட பெயர் எடுத்து 1910-ல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டினார். 1907-ல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினம் டிப்போவில் இருந்து, கப்பலேறி, இங்கே இறங்கியதும் தொற்றுநோய்க் காவலில் கிடந்து, பிறகு லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கங்காணிக்குத் தன் ஆள் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் தலைக்காசு. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களில் யார் கடைக்குப் போகிறவர், யார் காட்டுக்குப் போகிறவர் என்று கடலுக்குத் தெரியாது.

கரையில் இறங்கிய பிறகு இருவரும் கடைப்படியில் மறுபடி சந்தித்தார்கள். இதை வியாபாரிகள் கணக்காகவே பார்த்துவிடலாம். 1920-களின் பிற்பகுதியில் வசதியான மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வகுத்திருந்தார்கள். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஆணுக்கு 13 வெள்ளி, பெண்ணுக்கு 10 வெள்ளி 40 காசு. ஒரு குடும்பத்துக்கு 23 வெள்ளி 40 காசு. அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் இதில்தான். ஊருக்கு அனுப்புவதும் இதில்தான். மாதம் முழுவதும் கடனுக்குக் கொடுத்துச் சம்பளத் தேதியில் வாங்குவது கடைக்காரர் முறை. தீபாவளிக்கு முன் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக் கொண்டு லயம் லயமாகப் போனவர்களும் நம்மவரே.

பிறகு உலகச் சந்தை விழுந்தது. 1932-ல் ரப்பர் ராத்தல் 3 பென்சுக்கும் கீழே வந்தது. கூலியை 28 காசு, 24 காசு என்று குறைத்தார்கள். அதே 26 நாளுக்கு அதே குடும்பத்துக்கு 13 வெள்ளி 52 காசு. முன்பு ஓர் ஆண் மட்டும் சம்பாதித்ததைவிடச் சற்றே அதிகம். அதுவும் வேலை இருந்தால். இல்லாதவர்களைக் கப்பலேற்றினார்கள். 1930 முதல் 1932 வரை மூன்று வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டார்கள். அவர்கள் பெயரில் கடைப் பேரேட்டில் நின்ற பற்று என்னவாயிற்று? பல கடைகள் ஏன் அந்த வருஷங்களில் மூடின என்று நம் வீடுகளில் "வியாபாரம் படுத்துவிட்டது" என்று மட்டும் சொல்வார்கள். மரம் வெட்டியவர் கூலி படுத்ததால்தான் வியாபாரம் படுத்தது. கடைக்காரரின் லாபமும் லயத்துச் சமையலும் ஒரே மங்கிலிருந்து வடிந்த பால்.

1938-ல் இந்திய அரசாங்கம், உதவிப் பணத்தில் கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. நாலு வருஷத்தில் ஜப்பான் வந்தது.

மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் உண்டென்று இளைஞர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை 1905-ல் கிளைப் பாதை திறந்தார்கள். ஜப்பானியர் அதன் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். பாதை திரும்ப வரவில்லை. இன்றும் ரயிலேற வேண்டுமானால் தம்பின் பக்கம் புலாவ் செபாங்குக்குத்தான் போக வேண்டும். தண்டவாளம் போன இடத்துக்கே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரையும் கொண்டு போனார்கள். 1942-43-ல் 415 கிலோமீட்டர் பாதை போட்டு முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கூட்டங் கூட்டமாக மாண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த வரிசையான கல்லறைகள் உண்டு. நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படி இல்லை.

யுத்தத்துக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஏற்பட்டது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கவே, 1960-ல் துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்து, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கிற்று. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து கிழவரானவர்கள் பலர் கப்பலேறினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய்த் தாமான் வந்தது. 1970-களில் பத்து பெரெண்டாமில் தொழிற்பேட்டை திறந்தது. லயத்தை விட்ட குடும்பங்கள் நகரத்து ஓரங்களில் வந்து குடியேறின. பாச்சாங் கடைக்கு வெண்ணெய் ரொட்டியும் மீன்கறியும் வாங்க வரும் முதியவர்களிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டுப் பாருங்கள். பல பேருக்குப் பதில் தயாராக இருக்கும். எந்தப் பிரிவு, எந்தக் கிராணி, பெரட்டுக்கு மணி எத்தனைக்கு அடிக்கும் என்பது வரை சொல்வார்கள். வழிகாட்டி வேண்டுமென்று தேடிப் போக வேண்டாம், அவர்களே வழிகாட்டிகள்.

நடைக்கு வேண்டியவை

பிள்ளைகளை அழைத்துப் போவதானால் காலை ஏழரைக்குப் பள்ளிவாசலில் கூடுங்கள். வெயில் ஏறுமுன் காஜா பெராங், பத்தரைக்குள் பாச்சாங். குடையும் தண்ணீரும் அவசியம். வயதானவர்கள் காஜா பெராங்கிலிருந்து வண்டியில் வரலாம், பாடத்துக்குக் குறைவில்லை. பாச்சாங்கில் ஏதாவதொரு கடையில் உட்கார்ந்து, தோட்டத்தில் இருந்தவர் ஒருவரையும் பழைய கடைக்காரர் ஒருவரையும் எதிரெதிரே அமர்த்திப் பேச விடுங்கள். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் பிள்ளைகள் நிறையக் கேட்டுக் கொள்வார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் பழைய கடைகளின் பரணிலே பற்று வரவு ஏடுகளும் பேரேடுகளும் கரையான் தின்னக் கிடக்கின்றன. கடை கை மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவையே. தோட்டத்துக் குடும்பம் எந்த மாதம் என்ன வாங்கித் தின்றது, எந்த மாதம் வாங்கவில்லை என்பதைத் தமிழில், தேதியோடு எழுதி வைத்த தஸ்தாவேஜு அதைப்போல் வேறில்லை. கம்பெனிகளின் அறிக்கைகளில் இத்தனை ராத்தல் ரப்பர் என்றிருக்கும். இத்தனை ராத்தல் அரிசி என்று நம் ஏட்டில்தான் இருக்கும். பாஸ்போர்ட்டு, கப்பல் சீட்டு, ஊர்க் கடிதம் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஏட்டைப் பிரிக்காமல், தூசு தட்டி, வெயிலில் காட்டாமல், உலர்ந்த பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியால் படம் பிடித்தாலே முக்கால் வேலை முடிந்தது.

பார்க்கும்போது 1942, 1943-ம் வருஷத்துப் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். தொகை ஜப்பான் காலத்து வாழைமரக் காசில் இருக்கும். ஒரு தோட்டத்து ஆளின் பெயருக்கு நேரே மாதா மாதம் பற்றும் வரவும் ஒழுங்காக வந்து, ஒரு மாதத்தோடு பற்றும் நின்று வரவும் நின்று, கணக்கு முடிக்காமல் பக்கம் வெறுமையாகக் கிடந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகி அடையாளம் வையுங்கள்.